சன்னல் கண்ணாடியில் வெயில் தடுப்புப் படலம்: ஒரு வரலாறு

வெயில் தடுப்புப் படலம் என்பது சன்னல் கண்ணாடியின் மேல் ஒட்டப்படும் மெல்லிய பாலியெஸ்டர் தாள். தமிழ்நாட்டுக் கடைகளில் இது சன் பிலிம், சன் கண்ட்ரோல் பிலிம், கூலிங் பேப்பர் எனப் பல பெயர்களில் விற்கப்படுகிறது. வெயிலைத் தடுப்பதற்கான படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆயினும் அதற்குள் சாயம், உலோகப் பூச்சு, பசை, கீறல் தாங்கும் மேற்பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. வீட்டுக்குள் வெளிச்சம் வரவேண்டும், வெக்கை வரக்கூடாது என்ற எளிய விருப்பமே இத்தாளின் தோற்றத்துக்குக் காரணம். ஒளியையும் வெப்பத்தையும் பிரிக்க முடியும் என்று அறிவியல் கண்டுகொண்டது 1800ஆம் ஆண்டில். அதை வீட்டுச் சன்னலில் ஓரளவுக்குச் செய்துகாட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

கண்ணாடி வெப்பத்தைச் சிறைப்பிடித்தல்

மூடிய கண்ணாடி அறை வெயிலில் சூடாகும் என்பது பழைய அனுபவம். அதை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஒராசு பெனெடிக்ட் த சொசூர். 1767இல் அவர் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்தார். உட்பெட்டியின் வெப்பநிலை 87 டிகிரி செல்சியசைத் தாண்டியது. வெப்பம் வெளியேறாதபடி மேலும் நன்றாகக் கட்டிய அவருடைய பிந்தைய பெட்டி, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையையும் கடந்தது. இன்றைய சூரிய அடுப்புக்கு அதுவே முன்னோடி. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சன்னலுள்ள அறையில் மாலை நான்கு மணிக்கு நிகழ்வதும் ஏறத்தாழ அதுதான்.

இதன் காரணம் இரண்டு. சூரியனிலிருந்து வரும் கதிர்கள் குறுகிய அலைநீளம் கொண்டவை. சாதாரணக் கண்ணாடி அவற்றில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. அவை தரையிலும் சுவரிலும் கட்டிலிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான பொருள்கள் நீண்ட அலைநீளக் கதிர்களை உமிழ்கின்றன. அவை கண்ணாடியை ஊடுருவிச் செல்வதில்லை. சூடான காற்று வெளியேறவும் மூடிய கண்ணாடி விடுவதில்லை. வந்த வழியே திரும்பிப் போக முடியாமல் வெப்பம் அறையிலேயே தங்கிவிடுகிறது.

இதற்கான விடையின் முதற்பகுதி வானியலிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் எர்செல் சூரியனைத் தொலைநோக்கியால் பார்க்கப் பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்திவந்தார். சில கண்ணாடிகளின் வழியே வெளிச்சம் மிகக் குறைவாக வந்தபோதும் கண்ணில் சூடு தெரிந்தது. வேறு சில நல்ல வெளிச்சத்தை விட்டும் சூடு தெரியவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று அறிய, அவர் முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. 1800இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பே அகச்சிவப்புக் கதிர் பற்றிய அறிவின் தொடக்கம்.

தரையை அடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பு. பாதிக்குச் சற்றுக் குறைவானது கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதிச் சிறுபங்கு, ஏறக்குறைய 5 விழுக்காடு, புற ஊதா. பார்வைக்குத் தேவைப்படாத கதிர்களை மட்டும் வடிகட்டினால் வெப்பத்தில் பாதி குறையும் என்பது இந்தக் கணக்கிலேயே அடங்கியிருந்தது. ஆனால் அப்படி வடிகட்டும் பொருள் அப்போது எவரிடமும் இல்லை.

கண்ணாடி மலிவானபோது

எர்செல் காலத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல் செல்வர்களுக்கே உரியது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டுச் சன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. வரிக்கு அஞ்சிச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்களும் உண்டு. கண்ணாடி உற்பத்தி மீதிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளில், 1851 மே மாதம், இலண்டன் ஐடு பூங்காவில் பளிங்கு மாளிகை திறக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் பதித்த கட்டடம் அது. அதை வடிவமைத்த யோசப் பாக்சுடன் செடிகளுக்குக் கண்ணாடிக் கூடங்கள் கட்டிப் பழகிய தோட்டக்கலைஞர். செடிகளுக்குத் தேவைப்பட்ட வெப்பம் மனிதர்களுக்கு ஒத்துவராது என்பதால், கூரையின் மேல் துணி விரித்து வெயிலைத் தணிக்க வேண்டியிருந்தது. இலண்டன் போன்ற குளிர்ந்த ஊரிலேயே நிலைமை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடிச் சுவர் நவீனத்தின் அடையாளமாகியது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பாரிசில் சால்வேசன் ஆர்மி அமைப்புக்காக வீடற்றோர் விடுதி ஒன்றைக் கட்டினார். 1933 டிசம்பரில் திறக்கப்பட்ட அதன் தெற்கு முகம் முழுவதும் திறக்கவே முடியாத கண்ணாடி. இரட்டைக் கண்ணாடியும் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடும் அவருடைய திட்டத்தில் இருந்தன. செலவைக் குறைக்க அவை கைவிடப்பட்டன. குளிர்காலத்தில் கட்டடம் கதகதப்பாக இருந்தது. கோடை வந்ததும் உள்ளே இருக்க முடியவில்லை. பின்னர் திறக்கக்கூடிய சன்னல்களைப் பொருத்த நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே முகப்பில் வெயில் மறைப்புச் சட்டங்களும் சேர்க்கப்பட்டன. லெ கொர்புசியே பின்னாளில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்கும் கான்கிரீட் மறைப்புகளைத் தம் கட்டடங்களின் முக்கிய உறுப்பாக்கினார். 1950களில் சண்டிகரில் அவர் கட்டிய உயர் நீதிமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் அவற்றைக் காணலாம்.

எனினும் உலகம் அந்தப் பாடத்தைப் பின்பற்றவில்லை. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை 1959இல் அறிவித்தது. தேய்த்து மெருகிடாமலே இருபுறமும் வழவழப்பான கண்ணாடி பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. குளிரூட்டியும் கூடவே பரவியது. உள்ளே வரும் வெப்பத்தை மின்சாரத்தால் வெளியேற்றிவிடலாம் என்றான பின், கண்ணாடியின் அளவுக்கு எல்லை தேவைப்படவில்லை.

நிறம் ஏற்றிய கண்ணாடி

வெப்பத்தைத் தடுக்கும் முதல் முயற்சிகள் கண்ணாடிக் கலவையிலேயே நடந்தன. உலைக்கு எதிரே நின்று வேலை செய்யும் கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வருவது அதிகமாக இருந்தது. அவர்களுடைய கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடிக்காகப் பிரித்தானிய வேதியியலாளர் வில்லியம் குரூக்சு நூற்றுக்கணக்கான கலவைகளைச் செய்து பார்த்து, 1914இல் முடிவுகளை வெளியிட்டார். இரும்புச் சேர்மங்கள் கலந்த கண்ணாடி அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சியது. அதே இரும்பு கண்ணாடிக்கு ஒரு பச்சைச் சாயலையும் தந்தது.

1952இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட லீவர் கட்டடத்தின் நீலப்பச்சைக் கண்ணாடி இந்த வகையைச் சேர்ந்தது. இத்தகைய கண்ணாடிக்கு ஒரு குறை இருந்தது. உறிஞ்சிய வெப்பத்தால் அது தானே சூடாகி, அதில் ஒரு பகுதியை அறைக்குள்ளும் உமிழ்ந்தது. வெப்பத்தை உறிஞ்சுவதைவிட வெளியே திருப்பி அனுப்புவதே மேல் என்பது அதனால் தெளிவாயிற்று. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கட்டி முடித்த வீட்டில் கண்ணாடியை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தையே பிரிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கண்ணாடியின் மேல் ஒட்டக்கூடிய ஒன்றுதான் அதற்குத் தீர்வு.

படலத்தின் பிறப்பு

ஒட்டும் படலம் உருவாக இரண்டு தொழில்நுட்பங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

முதலாவது பாலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டு, ஜேம்சு டிக்சன் ஆகிய இரு வேதியியலாளர்கள் பாலி எத்திலீன் டெரிப்தாலேட்டு என்ற பாலிமரை உருவாக்கினர். அது இழையாகித் துணியானது. தாளாக இழுக்கப்பட்டுத் தெளிவான, கிழியாத, வெப்பம் தாங்கும் படலமும் ஆனது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அதை மைலார் என்ற பெயரில் 1950களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர்ப் புட்டிகள் இன்று செய்யப்படுவதும் இதே பொருளால்தான்.

இரண்டாவது, வெற்றிடத்தில் உலோகம் பூசும் முறை. காற்று அகற்றிய கலத்தில் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால், அந்த ஆவி எதிரிலுள்ள பரப்பில் மிக மெல்லிய ஆடியாகப் படியும். அமெரிக்க இயற்பியலாளர் ஜான் சுட்ராங் இம்முறையால் தொலைநோக்கி ஆடிகளுக்குப் பூச்சிட்டார். பூச்சை மேலும் மெல்லியதாக்கினால் ஒளியில் ஒரு பகுதி ஊடுருவும், ஒரு பகுதி திரும்பும்.

பாலியெஸ்டர் தாளில் அலுமினியம் பூசுவது எவ்வளவு தூரம் போகும் என்பதை விண்வெளித் துறை காட்டியது. 1960 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கா ஏவிய எக்கோ 1 என்ற செயற்கைக்கோள், 30 மீட்டர் விட்டமுள்ள ஒரு பளபளக்கும் பலூன். அதன் தாளின் தடிமன் 12.7 மைக்ரோமீட்டர். வானொலி அலைகளைத் திருப்பி அனுப்ப அதன் மேல் அலுமினியம் பூசப்பட்டிருந்தது.

இவ்வகைத் தாளைச் சன்னலுக்குக் கொண்டுவரும் படலத்துக்கான காப்புரிமையை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1966இல் பெற்றது. ஏறத்தாழ அக்காலம் முதலே இத்தொழிலின் வரலாறு கணக்கிடப்படுகிறது. தொடக்கக் காலப் படலங்கள் வெயிலை நன்றாகத் திருப்பின. ஆனால் வெப்பத்தோடு வெளிச்சத்தையும் திருப்பின. பகலில் வீடு இருண்டது. வெளியிலிருந்து பார்த்தால் சன்னல் கண்ணாடிபோல் மின்னியது. இரவில் நிலைமை தலைகீழ். உள்ளே விளக்கு எரியும்போது வீட்டார் சன்னலில் தம் முகத்தையே பார்த்தனர். தெருவில் போனவர்கள் வீட்டுக்குள் இருந்ததைப் பார்த்தனர். எப்பக்கம் வெளிச்சம் மிகுதியோ அப்பக்கத்தாருக்கு அது ஆடி, மறுபக்கத்தாருக்குச் சன்னல். இந்த விதி உலோகப் படலங்களுக்கு இன்றும் பொருந்தும்.

சாயம் ஏற்றிய படலங்கள் மலிவாக வந்தன. அவை கூசும் வெளிச்சத்தைக் குறைத்தன. ஆனால் நிறக் கண்ணாடியைப் போலவே வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டன. சில ஆண்டு வெயிலில் சாயம் சிதைந்து, கறுப்பு ஊதாவாக மாறியது. பசை தளர்ந்த இடங்களில் குமிழ்கள் எழுந்தன. பழைய வீடுகளிலும் வண்டிகளிலும் காணப்படும் குமிழ் விழுந்த ஊதாக் கண்ணாடிகள் அந்தத் தலைமுறைப் படலத்தின் எச்சங்கள்.

எண்ணெய் நெருக்கடியும் ஆய்வும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. மலிவான எரிபொருளை நம்பிக் கட்டப்பட்ட கண்ணாடிக் கட்டடங்கள் திடீரெனப் பெருஞ்செலவு வைத்தன. அதுவரை வசதிக்கான பொருளாக இருந்த படலம் அப்போது ஆற்றல் சேமிப்புக்கான பொருளாகப் பார்க்கப்பட்டது.

கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தில் 1970களின் நடுப்பகுதியில் சன்னல்களுக்கென்றே ஆய்வுக் குழு அமைந்தது. ஸ்டீபன் செல்கோவிட்சு அதை வழிநடத்தினார். குளிர்நாட்டு வீடுகளில் சிக்கல் இருமுனையுடையது. கோடையில் வெயில் உள்ளே வரக்கூடாது. குளிர்காலத்தில் அறையின் வெப்பம் வெளியே போகக்கூடாது. அதற்கு விடையாக வந்தது குறை உமிழ்வுப் பூச்சு. வெள்ளி போன்ற உலோகத்தை மிக மெல்லிய அடுக்காகப் பூசி, இருபுறமும் ஒளி திரும்பாதபடி வேறு அடுக்குகளை வைத்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி ஊடுருவும், வெப்பக் கதிர் திரும்பிவிடும். அமெரிக்க அரசின் உதவியுடன் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம் பின்னர் சவுத்வால் எனப் பெயர் பெற்று, 1981இல் ஈட் மிரர் என்ற படலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இழுத்துக் கட்டப்பட்ட படலம் அது.

பழைய சன்னலைத் தூக்கி எறியாமல் திருத்தலாம் என்பதற்கு அந்தப் படலம் பின்னாளில் ஒரு பெரிய சான்றைத் தந்தது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2010இல் புதுப்பித்தபோது, அதன் 6,514 சன்னல்களும் கழற்றப்பட்டு, அக்கட்டடத்திலேயே ஒரு தளத்தில் அமைத்த பட்டறையில் பிரிக்கப்பட்டன. நடுவே படலம் பொருத்தி, பெரும்பாலும் பழைய கண்ணாடிகளையே கொண்டு அவை மீண்டும் மாட்டப்பட்டன.

ஒளியை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் படலங்கள்

1990களுக்குப் பிந்தைய படலங்கள் மூன்று வழிகளில் எர்செல் கண்ட வேறுபாட்டை நெருங்கின. முதல் வழி, வெள்ளி அடுக்குகளைச் சிதறல் முறையில் அணு அணுவாகப் படியவைப்பது. இரண்டாவது, அகச்சிவப்பை மட்டும் மிகுதியாக உறிஞ்சும் நுண்துகள்களைப் படலத்தில் கலப்பது. கடைகளில் செராமிக் பிலிம் எனப்படுவது இது. உலோக அடுக்கு இல்லாததால் இவ்வகை அலைபேசிச் சைகையைப் பாதிப்பதில்லை. மூன்றாவது, உலோகமே இல்லாத ஆடி. இரண்டு வகைப் பாலிமர்களை நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி அடுக்கினால், குறிப்பிட்ட அலைநீளக் கதிர்கள் மட்டும் திரும்பும். 3எம் அறிவியலாளர்கள் இத்தகைய பல அடுக்குப் பாலிமர் ஆடிகளைப் பற்றி 2000இல் சயின்ஸ் இதழில் எழுதினர்.

இவற்றால் பார்வைக்குத் தெளிவாகவும் வெயிலுக்குத் தடையாகவும் இருக்கும் சன்னல் சாத்தியமாயிற்று. ஆனால் இதற்கு இயற்கை வைத்த ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஆற்றல்தான். அறைக்குள் வந்து சுவரில் பட்ட ஒளி இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. அகச்சிவப்பையும் புற ஊதாவையும் முழுவதும் தடுத்து ஒளியை முழுவதும் விடும் படலம் ஒன்று கிடைத்தாலும், சூரிய வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்ளே வந்தே தீரும். மேலும் குறைக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தையும் குறைத்தாக வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

சன்னல் என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அதற்கு முன்பே தமிழில் இருந்த சொற்களில் ஒன்று காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி; காற்று வரும் வழி என்பது அதன் பொருள். பல கண்களை உடையது என்ற பொருளில் பலகணி என்ற சொல்லும் உண்டு. இச்சொற்கள் குறிப்பவை காற்றையும் துளைகளையும். கண்ணாடிக்கு அவற்றில் இடமில்லை. திண்ணை, தாழ்வாரம், முற்றம், சாய்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை ஆகியவை கொண்ட வீட்டில் வெயில் சுவரைத் தொடும் முன்பே நிழலில் நின்றுவிடும். கோடையில் வாசலிலும் சன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் வழக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபோது இந்த ஏற்பாடு மாறியது. தாழ்வாரமும் முற்றமும் இடமின்றிப் போயின. மரக்கதவுச் சன்னலுக்குப் பதிலாக நகரும் கண்ணாடிச் சன்னல் வந்தது. இரண்டு கதவுள்ள நகரும் சன்னலை முழுவதும் திறந்தாலும் பாதி வழியே திறக்கும். காற்று வரும் வழி குறைந்து வெயில் வரும் வழி பெருகியது. 2000இல் திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை இயங்கத் தொடங்கியது. தொடர்ந்து சென்னையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் கண்ணாடி முகப்பு பரவலானது. படலத்தைப் பொறுத்தவரை இந்தியா இறக்குமதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. மகாராட்டிரத்தின் அவுரங்காபாத்தில் ஆலைகளைக் கொண்ட கார்வாரே நிறுவனம் பாலியெஸ்டர் தாளையும் அதிலிருந்து வெயில் தடுப்புப் படலத்தையும் உற்பத்தி செய்து ஏற்றுமதியும் செய்கிறது.

இந்தியரில் பலருக்குச் சன் பிலிம் என்றவுடன் நினைவுக்கு வருவது வீடல்ல, கார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்றன. கறுப்புக் கண்ணாடி வண்டிகள் குற்றங்களுக்குப் பயன்படுவதைக் காட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வண்டிக் கண்ணாடிகளில் எந்த அளவுப் படலமும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்துக் காவலர்கள் சாலையோரங்களில் படலத்தை உரித்தெடுக்கும் காட்சி அவ்வாண்டு நாடெங்கும் காணப்பட்டது. அத்தீர்ப்பு வாகனங்களைப் பற்றியது. வீட்டுச் சன்னலை அது கட்டுப்படுத்தவில்லை.

வீடுகளுக்கு வந்த விதி வேறு வகையானது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை இந்திய அரசு 2007இல் வெளியிட்டது. குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 டிசம்பரில் வந்தது. கூரை நீங்கலாகச் சுவர்கள், சன்னல்கள் வழியே வரும் வெப்பம், வெப்ப நாட்டுப் பகுதிகளில் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று. அதே ஆவணம் வெளிச்சம் மிகவும் குறைந்துவிடாதபடி கண்ணாடிக்குக் கீழ்வரம்பும் வைத்தது. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்காவது திறக்கக்கூடிய சன்னல் இருக்க வேண்டும் என்றும் கூறியது. காலதர் என்ற சொல்லின் பொருள் இவ்வாறு விதியாக எழுதப்பட்டது.

எவ்வளவு வெப்பம் குறையும்

சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே உள்ளது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் அங்கு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது சன்னலுக்கு மேலுள்ள சிறு வெயில்தடுப்பே போதும். காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து நிற்கும்போது அதன் கதிர் நேராக அறைக்குள் பாயும்; மேலிருந்து நீளும் தடுப்பு அதை மறைக்காது. எனவே இங்கே படலத்தின் பயன் கிழக்கு, மேற்குச் சன்னல்களில்தான் மிகுதி.

எடுத்துக்காட்டாக, 1.5 சதுர மீட்டர் பரப்புள்ள மேற்குச் சன்னலில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் விழுவதாகக் கொள்ளலாம். மொத்தம் 900 வாட். மெல்லிய சாதாரணக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 86 விழுக்காட்டை உள்ளே விடும். அதாவது 774 வாட். உள்ளே வரும் பங்கை 45 விழுக்காடாகக் குறைக்கும் படலத்தை ஒட்டினால் அது 405 வாட் ஆகும். குறைவது சுமார் 370 வாட். ஒரு டன் குளிரூட்டி வெப்பத்தை அகற்றும் வீதம் ஏறத்தாழ 3,500 வாட். அதில் பத்தில் ஒரு பங்கு வேலை மிச்சமாகும்.

சன்னலில் விழும் சூரிய வெப்பத்தில் உள்ளே வரும் பங்கை எஸ்.எச்.ஜி.சி. என்ற எண் குறிக்கிறது. மேலே சொன்ன கண்ணாடிக்கு அது 0.86, படலம் ஒட்டியபின் 0.45. தடுக்கப்படும் பங்கை டி.எஸ்.இ.ஆர். என்றும், ஊடுருவும் வெளிச்சத்தை வி.எல்.டி. என்றும் நிறுவனங்கள் எழுதுகின்றன. படலத்தை மதிப்பிட இவையே உதவும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படும் அகச்சிவப்புத் தடுப்பு விழுக்காடு சில வேளைகளில் ஒரு குறுகிய அலைநீளப் பகுதியில் மட்டும் அளக்கப்பட்டது. 90க்கு மேற்பட்ட அந்த எண், மொத்த வெப்பத்தில் 90 விழுக்காடு குறையும் என்று பொருள்படாது. கருமையான படலம்தான் குளிர்ச்சி தரும் என்பதும் சரியன்று. மலிவான கறுப்புப் படலத்தைவிடத் தெளிவான பல அடுக்குப் படலம் அதிக வெப்பத்தைத் தடுக்கக்கூடும்.

வரம்புகள்

படலம் மூடிய கண்ணாடியில் மட்டுமே வேலை செய்யும். காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் வெயில் திறந்த வழியே உள்ளே வந்துவிடும். அங்கே வெளிப்புறத் தட்டி, மூங்கில் திரை, மரநிழல் ஆகியவையே பயன் தரும். வெளியில் தடுக்கப்பட்ட வெப்பம் கண்ணாடியையே தொடாது என்பதால், நல்ல வெளிநிழலுக்குப் படலம் ஈடாவதில்லை. உட்புறத் திரைச்சீலையைவிடப் படலம் மேல். திரையில் பட்ட வெப்பத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மேல்மாடி வீடுகளில் வெக்கைக்கு முதற்காரணம் பெரும்பாலும் மொட்டைமாடி. அங்கே தட்டோடு பதிப்பதும் வெள்ளை பூசுவதும் சன்னலுக்கு முன் செய்ய வேண்டியவை.

வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சும் படலத்தை இரட்டைக் கண்ணாடியிலோ கம்பி வலை பதித்த கண்ணாடியிலோ ஒட்டினால், நடுப்பகுதி சூடாகி விளிம்பு குளிர்ந்திருக்க, கண்ணாடி விரிசல் விடக்கூடும். எந்தக் கண்ணாடிக்கு எந்தப் படலம் என்று ஒட்டும் முன்பே கேட்டறிய வேண்டும் என்பது இதனால்தான். குளிர்நாடுகளில் படலம் குளிர்கால வெயிலையும் தடுத்துச் சூடேற்றும் செலவைக் கூட்டக்கூடும். தமிழ்நாட்டின் சமவெளியில் அந்த இழப்பு இல்லை.

படலத்தை ஒட்டும் முறை இந்த அரை நூற்றாண்டில் பெரிதாக மாறவில்லை. கண்ணாடியைத் தூசியின்றித் துடைத்து, சோப்புநீர் தெளித்து, பாதுகாப்புத் தாளை உரித்த படலத்தைப் படியவைத்து, ரப்பர்ப் பட்டையால் நீரை வழித்தெடுப்பார்கள். உள்ளே தங்கிய ஈரம் உலரச் சில வாரங்கள் ஆகலாம்; அதுவரை தெரியும் மங்கலைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

வீடு கட்டுபவரால் சன்னலின் திசையையும் அளவையும் நிழலையும் முடிவு செய்ய முடியும். மேற்குப் பார்த்த அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. சுவரை இடிக்கவும், வெளியே சட்டம் அடிக்கவும், மரம் வளரும்வரை காத்திருக்கவும் அவரால் இயலாது. பிறர் எடுத்த முடிவின் வெக்கையைத் தாங்க வேண்டியவர் அவர். கண்ணாடிக்கு உட்புறத்தில் சில மணி நேரத்தில் ஒட்டி, தேவைப்பட்டால் உரித்தெடுக்கக்கூடிய ஒரு தாள் கத்தரி வெயிலில் அவருக்கு உதவுகிறது. நிழலும் காற்றும் உள்ள வீட்டுக்குப் படலம் தேவைப்படாமலே போகலாம். அவை இல்லாமல் கட்டப்பட்டுவிட்ட வீடுகளில்தான் அதற்கு வேலை இருக்கிறது. அத்தகைய வீடுகளின் எண்ணிக்கை நகரங்களில் தொடர்ந்து கூடிவருகிறது.